சுவருக்குள் போவது வேறு, சுவரில் மாட்டுவது வேறு: ஸ்மார்ட் ஹோமுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் சொந்த வீடு கட்டி 19 வருடம் ஆகிறது. மாடியில் நாங்கள், கீழே அப்பா அம்மா. இந்த வருடம் பெயின்ட் அடிக்கும்போதே ஸ்மார்ட் ஹோமாக மாற்றிவிடலாம் என்று எஸ்டிமேட் கேட்டேன். "பழைய வயரிங் எதுவும் ஒத்துவராது, முழுசாகப் பிடுங்கிப் போட வேண்டும்" என்கிறார்கள். மொத்தம் என்னுடைய ஐந்து மாதச் சம்பளம் ஆகும். அதில் வயரிங்குக்கு இரண்டு மாதச் சம்பளம், சுவிட்ச், கேமரா, ஹப் (இவற்றையெல்லாம் இணைக்கும் பெட்டி), கதவுப் பூட்டு எல்லாம் சேர்த்து மூன்று. ஆறு மாதச் செலவுக்கான பணம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது. அது போக மாதம் சம்பளத்தில் 15 சதவீதம் சேமிக்கிறேன். வங்கியில் வீட்டுக் கடன்மேல் டாப்-அப் (கூடுதல் கடன்) தருகிறார்கள், 12 வருடம், 10 சதவீத வட்டி. டெபாசிட்டை உடைப்பதா, டாப்-அப் எடுப்பதா? கரண்ட் பில் குறையும், அதிலேயே தவணை கட்டிவிடலாம் என்கிறார்களே?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கரண்ட் பில் மிச்சத்தில் தவணை கட்டும் கணக்கை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் திட்டமே அதன்மேல்தான் நிற்கிறது.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று தினமும் ஒரு மணி நேரம் வீணாக எரிகிறது, ஸ்மார்ட் சுவிட்ச் அதைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மிச்சம் 3.3 யூனிட். ஆனால் அந்த சுவிட்ச் போனிலிருந்து வரும் கட்டளைக்காக இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்கு அது அரை வாட் எடுத்தால் வருடத்துக்கு 4.4 யூனிட். மிச்சம் பிடிக்க வந்தவன் மிச்சத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகிறான். அப்படி இருபது சுவிட்ச் மாட்டினால் வருடத்துக்கு 88 யூனிட், விளக்கே எரியாமல்.

நிஜமாகவே மிச்சம் வருகிற இடம் ஏசி. ஆளில்லாத அறையில் தினம் ஒரு மணி நேரம், சராசரியாக ஒரு கிலோவாட் எடுத்து ஓடினால், 150 நாளில் 150 யூனிட். ஆனால் அதை நிறுத்த சுவரை உடைக்க வேண்டியதே இல்லை. ரிமோட் போலவே சிக்னல் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தால் போதும். ஆக, எங்கே பணம் மிச்சமாகுமோ அங்கே வயரிங் தேவையில்லை, எங்கே வயரிங் தேவையோ அங்கே பெரிதாக மிச்சமில்லை. வசதிக்காகச் செய்கிறேன் என்று சொல்லுங்கள், அதில் தப்பே கிடையாது. வருமானமாகக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்தது டாப்-அப். 10 சதவீதத்தில் 12 வருடம் என்றால் வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் மொத்தம் 172 கட்டுவீர்கள். இதே வட்டியில் மூன்று வருடம் என்றால் 116. மாதத் தவணை சின்னதாகத் தெரிவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அது. சுவருக்குள் போகும் நல்ல செம்புக் கம்பி இருபத்தைந்து முப்பது வருடம் உழைக்கும், அதற்கு நீண்ட தவணை என்றாலாவது ஒரு நியாயம் உண்டு. ஹப்பும் கேமராவும் ஐந்தாறு வருடம் ஓடினாலே நான் சந்தோஷப்படுவேன். ஏழாவது வருடம் புதுசு வாங்கியிருப்பீர்கள், குப்பைக்குப் போன பழையதற்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

பொருள் கெட்டுப்போனால்தான் சாகும் என்றும் இல்லை. ரிவால்வ் என்று ஒரு ஹப் விற்றார்கள். 2014-இல் அந்த நிறுவனத்தை கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் நன்றாக இருந்த பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பாவாக மிஞ்சியது. இப்போது மேட்டர் என்று ஒரு பொதுத் தரம் வந்திருக்கிறது, 2022-இல் வெளியானது, வேறு வேறு நிறுவனப் பொருட்கள் ஒன்றோடொன்று வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது. வாங்குவதாக இருந்தால் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே இருந்தாலும் 12 வருடக் கடனுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அதனால் எஸ்டிமேட்டை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். சுவருக்குள் போவது ஒரு தாள், சுவரில் மாட்டுவது இன்னொரு தாள். இரண்டாவது தாளை மடித்து அலமாரியில் வையுங்கள், அவசரமே இல்லை.

முதல் தாளுக்கு வருவோம். "முழுசாகப் பிடுங்க வேண்டும்" என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார்? மெகர் வைத்துச் சோதித்தாரா, இல்லை வாசலில் நின்று வீட்டின் வயதைக் கேட்டுவிட்டுச் சொன்னாரா? வீட்டு வயரிங்கில் 500 வோல்ட் கொடுத்து வயரின் மேல்தோல் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் சோதனை அது. குறைந்தது ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டும், ஆரோக்கியமான வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். கூடவே எர்த் சரியாக இருக்கிறதா, டிபி பாக்ஸில் (வீட்டு சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையை எஸ்டிமேட் கொடுத்தவரிடம் தராமல், உரிமம் உள்ள வேறு எலக்ட்ரீஷியனிடம் கூலி கொடுத்துச் செய்யுங்கள். பிடுங்கிப் போட்டால் லாபம் பார்ப்பவரிடமே பிடுங்க வேண்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

19 வருட வீட்டில் வயர் நன்றாகவே இருந்து, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) மட்டும் சுவிட்ச் பாக்ஸுக்கு வராமல் இருக்க வாய்ப்பு அதிகம். சாதா சுவிட்சுக்கு ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) வந்து விளக்குக்குப் போனால் போதும், நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு குட்டி ரேடியோ இருக்கிறது, விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்குத்தான் நியூட்ரல். நியூட்ரல் இல்லாமலே ஓடும் சுவிட்சுகளும் உண்டு. அவை விளக்கின் வழியாகவே துளி மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர் வாழும், அதனால் சின்ன எல்.இ.டி. பல்புகள் ராத்திரியில் மின்மினி மாதிரி மினுக்கும்.

சுவிட்சோடு சேர்ந்து பிளக் பாயிண்ட்டும் இருக்கிற போர்டில் பெரும்பாலும் நியூட்ரல் ஏற்கெனவே வந்திருக்கும். மற்ற இடங்களில் சுவருக்குள் இருக்கும் பைப்பில் இடம் இருந்தால் கூடுதலாக ஒரு வயரை மட்டும் இழுத்துவிடலாம், காடி வெட்டவே வேண்டாம். இடம் இல்லாத இரண்டு மூன்று சுவர்களில் மட்டும் வெட்டினால் போதும். அப்படியானால் இரண்டு மாதச் சம்பள வேலை ஒரு மாதச் சம்பளத்துக்குள் வரக்கூடும்.

ஒன்றே ஒன்று, நியூட்ரல் இல்லை என்று யாராவது எர்த் கம்பியில் மாட்டிக் கொடுத்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். சுவிட்ச் வேலை செய்யும், அப்படிப் பல சுவிட்ச் மாட்டினால் ஆர்சிசிபி அடிக்கடி விழக்கூடும், அதை எரிச்சலில் யாராவது கழற்றிவிடுவார்கள், அப்புறம் என்றைக்காவது எர்த் கம்பி எங்காவது அறுந்தால் அதோடு இணைந்த இரும்புப் பொருளெல்லாம் ஷாக் அடிக்கும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவதும் வேண்டாம்.

நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்வது ஒரே இடத்தில், காலி பைப். எப்படியும் வெட்டுகிற சுவரில் கூடுதலாக ஒரு பைப்பைப் பதித்து, உள்ளே இழுகம்பி ஒன்றை விட்டு வையுங்கள். இந்த எஸ்டிமேட்டிலேயே மலிவான பொருள் அதுதான், பத்து வருடம் கழித்து என்ன வரப்போகிறதோ அதற்கும் வழி இருக்கும். சுவிட்ச் பாக்ஸை ஆழமானதாகப் போடச் சொல்லுங்கள், ஸ்மார்ட் சுவிட்சின் முதுகு பருமன். டிவி இருக்கும் இடம், வைஃபை பெட்டி வைக்கும் கூரை, கேமரா வரும் வாசல், இந்த மூன்றுக்கும் கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள், கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்க்காமல் தனிப் பைப்பில். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும், கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் போய்விடும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், முழுச் செம்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சுவரைப் பூசி மூடும் முன் அளவு டேப்பை நீட்டிவைத்து ஒவ்வொரு காடியையும் போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை, பிறகு அலமாரி மாட்ட ட்ரில் போட்ட அன்று அதற்கான கூலியைத் தனியாகக் கட்டினேன்.

பணம் எங்கிருந்து என்றால், மாதம் 15 சதவீதம் சேமிக்கிறவருக்கு ஏழு மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். சோதனையில் வயரிங் நலம் என்று வந்தால் பெயின்ட்டை ஏழு மாதம் தள்ளிப்போடுங்கள், கடனே தேவையில்லை. எர்த் இல்லை, மேல்தோல் உதிர்கிறது என்று வந்தால் கதை வேறு. கீழே வயதானவர்கள் இருக்கிறார்கள், அவசரப் பணம் இதற்குத்தான். டெபாசிட்டிலிருந்து வயரிங்குக்கு மட்டும் எடுங்கள், ஒரு மாதச் சம்பளம் எடுத்தால் ஏழு மாதத்திலும் இரண்டு எடுத்தால் பதினாலு மாதத்திலும் திருப்பி வைத்துவிடலாம், அதுவரை கேமரா, ஹப் என்று எதையும் தொடக் கூடாது. முழுத் தொகையையும் உடைக்காமல் பகுதியாக எடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையும் பில்லும் வாங்கி வையுங்கள், வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் க்ளெய்ம் நேரத்தில் தேவைப்படலாம். நாளைக்கு வீட்டை விற்றால் ஸ்மார்ட் பொருளுக்குத் தனி விலை கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது தாளை அதற்குப் பிறகு எடுங்கள், மாதச் சேமிப்பில் ஒரு பகுதியை வைத்து ஓர் அறை, பிறகு இன்னோர் அறை. முதல் அறையில் மூன்று மாதம் பழகிப் பாருங்கள். என் வீட்டில் ஸ்மார்ட் பல்பு மாட்டிய வாரத்தில் என் மாமியார் போகிறபோக்கில் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவார், நான் போனை வைத்துக்கொண்டு "ஆஃப்லைன்" என்ற எழுத்தைப் பார்த்தபடி இருட்டில் நிற்பேன். உங்கள் அப்பா அம்மாவுக்குக் குரலில் விளக்குப் போடுவது பிடிக்குமா, இல்லை ராத்திரி எழுந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்றே போதுமா என்று அவர்களிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு வாங்கினால் அந்த மூன்று மாதச் சம்பளத் தாளில் பாதிப் பொருட்கள் அடிபடும் என்பது என் கணிப்பு.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்துவிட்டு, கீழே பெற்றோர் அறையின் சுவிட்ச் போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை வயர் வருகிறது, நியூட்ரல் எது, எர்த் எது என்று தொட்டுக் காட்டச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டாப்-அப் படிவத்தில் அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.