சைரன் சத்தமும் பாராளுமன்றக் கேள்வியும்: பேர்ணுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். இலங்கையிலிருந்து குடும்பத்தோடு சுவிஸ் தலைநகர் பேர்ணுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் சைரன் ஊத, உங்கள் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு ஓடியிருக்கிறார். வேலையிடத்தில் ஒருவர், "ஐரோப்பாவோடு சேர்ந்து வான் பாதுகாப்பாம், நேட்டோவோடு பயிற்சியாம், பாராளுமன்றத்திலேயே கேட்கிறார்கள்" என்று சொல்லிப் பயத்தைக் கூட்டிவிட்டார். ஒரு போரிலிருந்து தப்பி இன்னொன்றுக்குள் வந்துவிட்டோமா? மகன் நாளைக்குக் குடியுரிமை எடுத்தால் இராணுவத்துக்குப் பிடிப்பார்களா?

சைரனை முதலில் முடித்துவிடுவோம். பெப்ரவரி முதல் புதன், பகல் ஒன்றரைக்கு, நாடு முழுக்க வருடந்தோறும் நடக்கும் சோதனை அது. அலர்ட்சுவிஸ் என்ற அரசின் அபாய அறிவிப்புச் செயலியைப் போனில் இறக்கி வைத்தால் அறிவித்தல் அதிலேயே வரும். வேறொரு நாளில் ஊதினால் வானொலியைப் போட்டுக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். நிலக்கீழ் அறைக்கு ஓடச் சொன்னால் மட்டும் ஓடினால் போதும்.

அந்த அறையைப் பார்த்ததும் நெஞ்சு இறுகியதென்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு பங்கர் என்றால் வளவுக்குள் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட குழி. விமானச் சத்தம் கேட்டுத்தான் அதற்குள் இறங்கினோம். இங்கே 1960களிலிருந்து சட்டப்படி கட்டிவருகிறார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 370,000 இருக்கின்றன, மொத்த சனத்தொகைக்கும் போதுமான இடம். எங்கள் கட்டடத்தில் உள்ளதன் கொங்கிறீட் கதவு கிட்டத்தட்ட ஒரு சாண் தடிப்பு. சுவரில் கைபிடி வைத்த காற்று இயந்திரம், கரண்ட் போனால் கையால் சுற்ற. மற்ற நாளில் அதற்குள் சைக்கிள்கள், பனிச்சறுக்குப் பலகைகள், மேல்வீட்டு அம்மாவின் அப்பிள் பெட்டிகள், எங்கள் இருபது கிலோ அரிசி மூட்டை. ஒரு கிழமைக்குச் சாப்பாடும் ஆளுக்கு 9 லீற்றர் தண்ணீரும் வீட்டில் வைத்திருக்கச் சொல்லி அரசே கேட்கிறது. அரிசி பருப்பு நம் வீடுகளில் எப்போதும் இருக்கும், தண்ணீரை மட்டும் வாங்கி வையுங்கள்.

சரி, பாராளுமன்றத்துக்கு வருவோம். உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இங்கே வருடத்தில் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் மூன்று கிழமை. பாராளுமன்றத்தில் இரண்டு சபைகள்: மக்களுக்குத் தேசிய சபை, மாநிலங்களுக்கு மாநிலங்கள் சபை. இரண்டாம் மூன்றாம் கிழமைத் திங்கட்கிழமைகளில் தேசிய சபையில் கேள்வி நேரம். அங்குள்ள 200 பேரில் யாரும் எதையும் கேட்கலாம். விரிவாகக் கேட்க நினைத்தால் இன்டர்பெலாசியோன் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அரசு வழக்கமாக அடுத்த அமர்வுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கேள்வி, பதில் இரண்டும் பாராளுமன்ற இணையத்தளத்தில் ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் அப்படியே கிடக்கும், யாரும் எடுத்து வாசிக்கலாம். கேள்வியால் ஒரு துப்பாக்கிகூட இடம் மாறாது. அரசின் கையைக் கட்டுவது மோசியோன்தான், அதாவது இதைச் செய் என்று அரசைப் பணிக்கும் தீர்மானம். அதற்கு இரண்டு சபைகளும் சம்மதிக்க வேண்டும். உங்கள் வேலையிடத்து ஆள் சொன்ன நேட்டோ பயிற்சியையே பாருங்கள். நேட்டோவின் கூட்டுத் தற்காப்புப் பயிற்சிகளில் சுவிஸ் இராணுவம் சேரவே கூடாது என்ற மோசியோனை 2024இல் தேசிய சபை ஏற்றுக்கொண்டது. மாநிலங்கள் சபை மறுத்தது. அதோடு அது முடிந்துபோனது.

வான் பாதுகாப்பு என்று அவர் சொன்னது ஐரோப்பிய ஸ்கை ஷீல்டைத்தான். உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த 2022இல் ஜேர்மனி தொடங்கியது. ஏவுகணையையும் ட்ரோனையும் தடுக்கும் கருவிகளைச் சேர்ந்து வாங்குவது, சேர்ந்து பழகுவது, பராமரிப்பது, அவ்வளவுதான் அதன் நோக்கம். 2023 யூலையில் சேர விரும்புகிறோம் என்று பேர்ணில் ஒப்பமிட்டபோது, சுவிசும் ஒஸ்ரியாவும் தங்கள் நடுநிலை பற்றித் தனி அறிக்கை இணைத்தன: நாடுகளுக்கிடையிலான ஆயுத மோதலில் பங்கெடுக்க மாட்டோம் என்று. 2024 ஓகஸ்ற்றில் பெஸ்கோ என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு ஒத்துழைப்புத் திட்டங்கள் இரண்டில் சேர அரசு முடிவெடுத்தது. ஒன்று, படைகள் எல்லை கடப்பதற்கான பத்திர வேலைகளை இலகுவாக்குவது. மற்றது, இணையத் தாக்குதலை எதிர்கொள்ளும் பயிற்சி. நடுநிலையை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: தன்னிடம் இருந்த சுவிஸ் தயாரிப்பு விமான எதிர்ப்புக் குண்டுகளை உக்ரேனுக்குக் கொடுக்க ஜேர்மனி 2022இல் அனுமதி கேட்டது. சுவிஸ் மறுத்துவிட்டது.

அப்படியிருந்தும் ஏன் இத்தனை கேள்வி? 1815இல் வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட நடுநிலை இந்த ஒப்பங்களால் கரைகிறதா என்று ஒரு பக்கம் கேட்கிறது. தனியே நின்று இந்த வானத்தைக் காக்க முடியுமா என்று மற்றப் பக்கம் கேட்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கேள்வி பணம். புதிய போர் விமானங்களுக்கு 6 பில்லியன் பிராங் கொடுக்கலாமா என்று 2020 செப்டம்பரில் மக்களிடம் கேட்டார்கள். 50.1 வீதம் ஆம். வித்தியாசம் 9,000 வாக்குகள்கூட இல்லை. பிறகு அமெரிக்காவின் எஃப் 35 விமானங்கள் 36 என்று முடிவானது, விலை நிலையானது, ஏறாது என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த நிலையான விலைக்குச் சட்ட உறுதி இல்லை என்று கூட்டாட்சிக் கணக்காய்வு அலுவலகம் 2022இலேயே எச்சரித்தது. 2025 யூனில், 650 மில்லியன் முதல் 1.3 பில்லியன் வரை செலவு கூடலாம் என்று அரசே வாயால் சொல்ல வேண்டி வந்தது. அதற்கு அடுத்த மாதம், அமெரிக்காவிடம் வாங்கியிருந்த 5 பேட்ரியட் வான் பாதுகாப்புத் தொகுதிகளும் பிந்தும் என்ற செய்தி வந்தது, உக்ரேனுக்கு முன்னுரிமை என்று. இவ்வளவும் நடந்த பிறகு யாரும் கேள்வி கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம் வரும்.

நாங்கள் வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள் தம்பி. இலங்கையில் அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் நீட்டிய பாராளுமன்றத்தைத்தான் நாங்கள் கண்டோம். தமிழருக்கு நடந்ததைப் பற்றி அங்கே எழும்பிக் கதைத்தவர்களில் ஜோசப் பரராஜசிங்கத்தை 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் தேவாலயத்துக்குள் வைத்துச் சுட்டார்கள். நடராஜா ரவிராஜை 2006 நவம்பரில் கொழும்பில் பட்டப்பகலில் சுட்டார்கள். இராணுவத்தைப் பற்றி ஒருவர் எழும்பிக் கேட்கிறார் என்றாலே நமக்கு வயிறு கலங்குவது இதனால்தான். இங்கே கேட்டவர் மத்தியானம் கேட்டுவிட்டுப் பின்னேரம் ட்ராமில் ஏறிப் போகிறார். பதில் எழுத வேண்டிய பொறுப்பு அமைச்சருடையது.

என் கருத்தைக் கேட்டால், அயல்நாடுகளோடு சேர்ந்து நிற்பது சரி. நாலு பக்கமும் ஐரோப்பா சூழ்ந்த நாடு, வருகிற ஏவுகணையை அவர்களின் ராடர்தான் முதலில் காணும். ஆனால் வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் எழுத்தில் பதில் கேட்கும் பழக்கத்தை இந்த நாடு விட்டுவிடக் கூடாது. நம்மவர்கள் சிலர் நடுநிலை கொஞ்சமும் அசையக் கூடாது என்பார்கள். போரைக் கண்டவர்கள் அப்படி நினைப்பதில் எனக்கு வருத்தமில்லை. நடுநிலையை அரசியலமைப்பில் இன்னும் இறுக்கமாக எழுதக் கேட்கும் முன்மொழிவு ஒன்றும் போதிய கையெழுத்துகளோடு 2024இல் கையளிக்கப்பட்டிருக்கிறது.

இனி மகன் விசயம். பி வதிவிட அனுமதியோ சி வதிவிட அனுமதியோ, வெளிநாட்டவராக இருக்கும்வரை அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. குடியுரிமை எடுத்தால் ஆண்பிள்ளைக்குக் கடமை உண்டு, மகளுக்குக் கட்டாயமில்லை. எல்லோரையும் சேவைக்கு எடுக்கலாமா என்று 2025 நவம்பரில் கேட்டபோது 80 வீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். பதினெட்டு வயதில் தகவல் நாளுக்குக் கடிதம் வரும். பிறகு இரண்டு மூன்று நாள் தெரிவு, 18 கிழமைப் பயிற்சி, அதற்குப் பிறகு சில வருடங்களுக்கு வருடம் மூன்று கிழமை. சாதாரண சிப்பாய்க்கு மொத்தம் 245 நாள். ஆயுதம் தூக்க மனச்சாட்சி இடம் தரவில்லை என்றால் சிவில்டீன்ஸ்ட் கேட்கலாம், ஆயுதமில்லாத பொதுச் சேவை அது, நாட்கள் ஒன்றரை மடங்கு. தகுதியில்லை என்று விட்டுவிட்டால் சிவில் பாதுகாப்பு, அல்லது வருமானத்தில் 3 வீத வரி, குறைந்தது வருடம் 400 பிராங். யாரும் இரவில் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். திகதி போட்ட கடிதம் வரும். படிப்போ தொழிற்பயிற்சியோ நடந்தால் தள்ளிவைக்கச் சொல்லி எழுதலாம். கடிதத்தைப் பார்க்காமல் விட்டால்தான் தண்டம்.

எங்கள் மூத்தவன் சிவில்டீன்ஸ்ட்டை ஒரு முதியோர் இல்லத்தில் செய்தான். இளையவன் இராணுவத்தைத் தெரிந்தெடுத்தான். முதல் வார இறுதிக்குச் சீருடையும் கறுப்புச் சப்பாத்துமாக ரயிலில் வந்து கதவடியில் நின்றபோது, பெற்ற தாய் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். அவனும் அசையாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றாள், சோறு போட்டாள். அதன் பிறகும் அந்த உடுப்பை அவள் தோய்த்ததில்லை, அவனே தோய்த்துக்கொள்வான். உங்கள் வீட்டிலும் இதைக் கதைத்துத் தீர்க்க வருடங்கள் இருக்கின்றன, இப்போதே அவசரப்பட வேண்டாம்.

அடுத்த அமர்வு நடக்கும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு பாராளுமன்றக் கட்டடத்துக்குப் போங்கள். அடையாள அட்டையைக் காட்டினால் மேலே பார்வையாளர் பகுதியில் இருக்க விடுவார்கள், காசு இல்லை. வாக்கு இல்லை என்பதற்காக உங்களுக்குக் குரல் இல்லை என்று நினைக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் அதிகாரிகளுக்கு மனு எழுதலாம் என்று அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு சொல்கிறது, குடியுரிமை கேட்பதில்லை. உங்கள் மாநில உறுப்பினருக்கும் நேரே எழுதலாம். சைரன் சோதனை பற்றிப் புதிதாக வருகிற அகதிகளுக்கு அவரவர் மொழியில் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்க உங்கள் வீட்டில் நடந்ததே போதும். தமிழில் எழுதி அனுப்புங்கள், ஜேர்மனில் நான் எழுதித் தருகிறேன்.