அமரர் ஊர்தி ஓட்டுநருக்கும் கடன் வசூலிக்கும் பெண்ணுக்கும் சேலத்தில் காதல்: அழுகையாகாமல் எழுதுவது எப்படி?

சாவைக் கிண்டல் செய்யாதீர்கள். சாவைப் பார்த்து ஊர் போடும் வேஷத்தைக் கிண்டல் செய்யுங்கள். இருண்ட நகைச்சுவை நிற்பதே அங்கேதான். "தம்பி, எங்கப்பா இருக்க?" என்று பத்து முறை போன் செய்து வண்டியை வரவழைத்தவர், மறுவாரம் கடைத்தெருவில் அவனைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலோ, குழந்தை வெளியே வந்து "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லும். உள்ளே குக்கர் விசில் அடிக்கும்.

முதல் சந்திப்பைத் தட்டுவடை செட் கடையில் வையுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய கேரட், பீட்ரூட். எல்லாரும் நின்று சாப்பிடும் இடம். அவனுக்கு மட்டும் கேட்காமலேயே பார்சல் கட்டுகிறார் கடைக்காரர். அவள் அதைக் கவனிக்கிறாள். அவளுக்கும் பார்சல்தான் வருகிறது (கடைக்காரருக்கே தவணை பாக்கி). இங்கே வசனமே வேண்டாம்.

அப்புறம் ஏற்காடு. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே அவள் ஸ்கூட்டி நின்றுபோகிறது. காலியாக இறங்கும் அவன் வண்டி மட்டும்தான் நிற்கிறது.

"முன்னாடி உட்காரலாங்களா?"

"உட்காருங்க. பின்னாடி வந்தவங்க யாரும் இதுவரை குறை சொன்னதில்லீங்க."

அவள் உடனே சிரிக்கக் கூடாது. நாலைந்து வளைவு தாண்டியபின் சிரிக்கட்டும்.

முடிவில் இருவரையும் வேலையை விட வைக்காதீர்கள். கல்யாணத்தைத் தவணைத் தேதியில் வையுங்கள். பந்தியில் பாதி இலை காலியாகக் கிடக்கும்.