பைபாஸ் ஆபரேஷன் பெண்களுக்கு ஆண்களைவிட ஆபத்தா?

மாமனாருக்கு பைபாஸ் நல்லபடியாக முடிந்தது, அடுத்த மாதம் மாமியாருக்கு, அவருக்கும் அப்படியே முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் தாய்மாமாவுக்கு நடந்தது, ஏழு வருஷம் கழித்து அம்மாவுக்கு. இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள்.

மாமாவுக்கு நெஞ்சைப் பிடித்தது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்குத் தறிதான் பிழைப்பு. அம்மா தார்க்குச்சியில் நூல் சுற்றுவார். இடது தோள் இழுக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நூல் பிடிக்கும் கைதானே, வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தோம். ஏழெட்டு மாதம் தைலத்திலேயே போனது. ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது வயது 66, சர்க்கரை வேறு, ஹீமோகுளோபின் 9தான், ரத்தசோகை.

அமெரிக்காவில் 2011 முதல் 2020 வரை பைபாஸ் செய்துகொண்ட சுமார் 13 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் ஆண்களில் 1.7 சதவீதம், பெண்களில் 2.8. பத்து வருஷத்தில் அந்த இடைவெளி குறையவும் இல்லை. ஆனாலும் நூறு பெண்களில் 97 பேர் பிழைத்து வருகிறார்கள், பயந்துவிடாதீர்கள்.

பெண்கள் வயது முற்றி, சர்க்கரையோடு, தாமதமாக வருகிறார்கள். இதய ரத்தக்குழாயும் மெல்லியது, தையல் போடுவது சிரமம். ரத்தம் இன்னொரு விஷயம். ஆபரேஷனின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் முதலில் நிரப்பும் திரவம் உடம்பு ரத்தத்தோடு கலக்கும். ஒரு செம்பு தண்ணீரை அண்டா ரசத்தில் ஊற்றுவதும் கிண்ணத்து ரசத்தில் ஊற்றுவதும் ஒன்றா? சிறிய உடம்பு, ஏற்கெனவே ரத்தசோகை என்றால் அடி பலமாக விழும். ஒரு மாதம் இருக்கிறதே, மாமியாரின் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஏற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள்.

லிமா வைப்பீர்களா என்றும் கேளுங்கள். நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஓடும் தமனி அது. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக அதை எடுத்து ஒட்டினால் பத்து வருஷம் கழித்தும் பெரும்பாலும் அடைக்காது. காலிலிருந்து எடுக்கும் சிரை அவ்வளவு தாங்காது. அப்படியிருந்தும் பெண்களுக்கு லிமா வைப்பது ஆண்களைவிடக் குறைவாகவே நடக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு.

யாரும் வாய்திறந்து சொல்லாத ஒன்று: மார்பின் கனம் தையலை இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத பாடி முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எங்களுக்கு ஒரு சிஸ்டர் மூன்றாம் நாள்தான் காதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் மாமாவுக்குத் தட்டு கட்டிலுக்கே வந்தது. மூன்றே மாதத்தில் குமரகிரி மலைக்கோயில் படி ஏறினார். அம்மாவை நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு அம்மாவே காபி போட்டார். ஆபரேஷனில் அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், குடம்கூடத் தூக்கக்கூடாது. மூன்றாவது வாரம் பார்க்கிறேன், ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிரைண்டர் கல்லை நகர்த்துகிறார். அன்றைக்கே கல்லைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு மாதம் கடை மாவுதான். புளிப்பே இல்லை என்று தினமும் எனக்குத் திட்டு.