கோப்பியும் அந்த மாத்திரையும்

வணக்கம் ஐயா. என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தேர்வுக்கு விடிய விடியப் படிப்பதற்காக நண்பனிடம் ரிட்டலின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். கவனக்குறைபாட்டுக்காக மருத்துவர் அந்தப் பையனுக்குக் கொடுத்தது. கேட்டால், "நீங்க அஞ்சு கோப்பி ஓ குடிக்கிறீங்களேம்மா, அதுவும் இதுவும் ஒண்ணுதானே" என்கிறான். என்ன பதில் சொல்வது?
ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் கேட்டது நல்ல கேள்வி. இரண்டும் தூக்கத்தை விரட்டுபவைதான். ஆனால் மூளையில் செய்யும் வேலை வேறு.

முதலில் உங்கள் கோப்பி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். நரம்பணுக்களில் அதற்கென்று உள்ள ஏற்பிகளில் அது போய் உட்கார்ந்தால் கண் சொக்கும். கோப்பியில் உள்ள காஃபீன் உருவத்தில் அதைப்போலவே இருப்பதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேக்கா உணவங்காடியில் மதிய நேரம் டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்து இடம் பிடிப்பார்களே, அது மாதிரி. அடினோசின் தட்டும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாக்கெட்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும். கோப்பி இறங்கியதும் வரும் அசதி அதுதான். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நம் கோப்பிக்கடைத் தூளோ பெரும்பாலும் ரொபஸ்டா, அரபிக்காவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் உள்ளது. மாலைக் கோப்பியை நீங்களும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. டோபமைன் என்பது கவனத்தையும் ஊக்கத்தையும் தூண்டும் வேதிப்பொருள். நரம்பணு வெளியே விட்ட டோபமைனை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ரிட்டலினில் உள்ள மீத்தைல்ஃபெனிடேட் அந்த வழியை அடைக்கிறது. நார்எபிநெஃப்ரின் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்கும் அதே கதைதான். இரண்டும் வெளியிலேயே அதிக நேரம் தங்கும். ஆம்ஃபெட்டமைன் வகை இன்னும் ஒரு படி மேலே போய், நரம்பணுவுக்குள் புகுந்து சேமிப்பில் உள்ள டோபமைனையே வெளியே தள்ளும். இங்கே 'ஐஸ்' என்கிறார்களே ஒரு போதைப்பொருளை, அது இந்த ரகம்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. என் அக்கா பேத்திக்கு ஒன்பது வயது. கணக்குப் புத்தகத்தைத் திறப்பாள், லிஃப்ட் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள், திரும்பி வந்தால் பென்சிலைக் காணோம். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, எடை, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்தார். ஒரு நாள் ஒரு பக்கக் கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். அந்த முகம் மறக்காது.

உங்கள் மகனுக்கு யாரும் அப்படி அளந்து பார்க்கவில்லை. நண்பனுக்குத் தைத்த சட்டை அது. நெஞ்சு படபடக்கலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், பசி போய்விடும். தூக்கமும் போகும். படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும் என்பதை அவனிடம் சொல்லுங்கள்.

இன்றிரவே திட்டாமல் கேளுங்கள்: எத்தனை சாப்பிட்டான், மிச்சம் பையில் இருக்கிறதா, படபடப்பு வந்ததா? வந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்மையிலேயே கவனம் நிற்கவில்லை என்றால், அதையும் பலதுறை மருந்தகத்தில் அவனே வாய்விட்டுச் சொல்லட்டும். நீங்கள் கூடவே போங்கள்.