நீலத் திரை வருகிறது, டம்ப் ஃபைல் மட்டும் விழவில்லை

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறோம். எடைமேடையோடு இணைத்த விண்டோஸ் 10 கம்ப்யூட்டர், சம்பா நெல் வரத்து நேரத்தில் நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சர்வீஸ்காரர் டம்ப் ஃபைல் (விழும் நொடியில் நினைவகத்தில் இருந்ததன் பதிவு) கேட்கிறார். தேடினால் ஒன்றுமே இல்லை. சி டிரைவில் இடம் போதாமல் பேஜிங் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) டி டிரைவுக்கு மாற்றியிருந்தோம். அதனாலா?

பதில்: பெரும்பாலும் அதனால்தான். கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, விழும் நொடியில் விண்டோஸால் புது ஃபைல் திறந்து எழுத முடியாது. விண்டோஸ் இருக்கும் டிரைவின் பேஜிங் ஃபைலில், ஏற்கெனவே ஒதுக்கிய இடத்தில், நினைவகத்தை அப்படியே கொட்டும். மறுபடி ஆன் ஆன பிறகுதான் அதை எடுத்து ‘மெமரி டாட் டிஎம்பி’ என்று சேமிக்கும். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டுத்தானே மூட்டை பிடிக்கிறீர்கள்? நீங்கள் களத்தையே அடுத்த ஊருக்கு மாற்றிவிட்டீர்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குள் போய், சி டிரைவுக்குப் பேஜிங் ஃபைலை ‘சிஸ்டம் மேனேஜ்டு’ என்று வையுங்கள். பிறகு ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’யில் ‘ஆட்டோமேட்டிக் மெமரி டம்ப்’. ‘கம்ப்ளீட்’ வேண்டாம்; ரேம் அளவுக்கு மேலேயே இடம் தின்னும். நீலத் திரையிலுள்ள பிழைப் பெயரைப் படிக்க வேண்டுமானால் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட்.

உங்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. டொமைனில் (அலுவலக நெட்வொர்க் நிர்வாகத்தில்) சேராத கம்ப்யூட்டரில் சி டிரைவின் காலியிடம் 25 ஜிபிக்குக் கீழே போனால், பெரிய டம்ப் ஃபைலை விண்டோஸே அழித்துவிடும். அதே ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ பக்கத்தில், இடம் குறைந்தால் தானாக அழிப்பதைத் தடுக்கும் டிக் பெட்டி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ பதிவையும் பாருங்கள். அதில் பக்செக் கோடு (நீலத் திரைப் பிழையின் எண்) 0 என்றிருந்தால், அந்தத் தடவை மின்சாரம் அறுந்திருக்கலாம், மெஷின் உறைந்திருக்கலாம். அதற்கு டம்ப் தேடிப் பயனில்லை. யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

எனக்கு எடைமேடை கேபிளின் யுஎஸ்பி கன்வெர்ட்டர் டிரைவர் மென்பொருள் மேல் சந்தேகம். ஆனால் டம்ப் பார்க்காமல் பழி போட மாட்டேன்.

அடுத்த முறை விழுந்ததும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற சுருக்கமான டம்ப் உருவாகியிருக்கும். முதலில் அதை மட்டும் அனுப்புங்கள். சின்ன ஃபைல்தான், வாட்ஸ்அப்பிலேயே போகும். போதவில்லை என்று சர்வீஸ்காரர் சொன்னால் பெரிய ஃபைலைப் பென்டிரைவில் கொடுங்கள்.