சீட்டுக் காசில் சிங்கப்பூர்: கசினோவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: ஐயா, நாங்கள் அம்பாறை மாவட்டம் காரைதீவில் இருக்கிறோம். நான் ஆசிரியை. இவர் கல்முனையில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறார். 9 வயதில் ஒரு மகன். ஆடி மாதம் எனக்கு ஆறரை இலட்சம் ரூபாய் சீட்டு விழுகிறது. ஆகஸ்ட் விடுமுறையில் மூவரும் சிங்கப்பூர் போய் நாலு இரவு தங்கி வர ஆசை. இவருக்கு மரீனா பே சாண்ட்ஸ் கசினோவை ஒருக்கால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமாம். "ஒரு இலட்சம் தனியாகக் கொண்டு போவம், வெண்டால் ஹோட்டல் காசு வந்திடும்" என்கிறார். காசு போதாமல் போனால் தாலிக்கொடியை விட்டு மற்ற நகையில் இரண்டு இலட்சத்துக்கு அடைவு வைக்கலாமா என்றும் யோசிக்கிறோம். எது சரி?

பதில்: அடைவு வேண்டாம். மூன்று பேர் கௌரவமாகப் போய்வர ஆறரை இலட்சம் போதும். இரண்டு இலட்சத்துக்கு வருட வட்டி 15 வீதம் என்றே வைத்தாலும் 30,000 ரூபாய். அது அங்கே கிட்டத்தட்ட ஒரு இரவு அறை வாடகை. பயணம் முடிந்த பிறகும் அந்த வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கணவரின் ஆசையில் பிழை இல்லை, அவர் சொன்ன தொகையில்தான் பிழை.

முதலில் கணக்கைப் போடுவோம். ஒரு சிங்கப்பூர் டொலரை 240 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்; போகிற வாரம் வங்கியில் விலை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மூன்று விமான டிக்கெட்டுக்கு 300,000. நாலு இரவு அறை, இரவுக்கு 150 டொலர் வீதம் 144,000. சாப்பாடு நாளுக்கு 60 டொலர், ஐந்து நாளுக்கு 72,000. ரயில், பஸ் நாளுக்கு 20 டொலர் வீதம் 24,000. ஒன்றிரண்டு இடங்களுக்கு நுழைவுச்சீட்டு 150 டொலர், 36,000. காரைதீவிலிருந்து கட்டுநாயக்க போய்வர 30,000. கூட்டினால் 606,000. மிச்சம் 44,000. இதில் 40 டொலர், அதாவது 9,600 ரூபாய், கசினோவுக்கு. மீதி 34,400 ரூபாய் காய்ச்சல், தவறிய பஸ், அறுந்த செருப்பு என்று வருவதற்கு.

விமான நிலையச் செலவு சிலருக்கு 30,000க்குள் அடங்குவதில்லை. வழியனுப்ப வான் பிடித்து, மாமா மாமி பிள்ளைகள் எல்லாரும் ஏறி, வழியில் எல்லாருக்கும் சாப்பாடும் எடுத்தால் சிங்கப்பூரில் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு கட்டுநாயக்க வாசலிலேயே முடிந்துவிடும். மூவருமாக பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கோட்டையிலிருந்து 187 இலக்க பஸ்ஸில் விமான நிலையம் போகலாம். அழுது கட்டிப்பிடிப்பதைக் கல்முனை பஸ் நிலையத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், காசு நிற்கும்.

நாளைத் தெரிவதிலும் காசு இருக்கிறது. ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய தினம். அந்த வாரம் கூட்டமும் கூட, அறை விலையும் கூட. அது கழிந்த பிறகு, வெள்ளி சனி இரவுகள் உள்ளே விழாதபடி ஞாயிறு முதல் வியாழன் வரை தங்குங்கள். கொழும்பிலிருந்து நேர் விமானம் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். கோலாலம்பூர் வழியாகப் போகும் மலிவு விமானத்தில் டிக்கெட் குறைவாகத் தெரியும். பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியாகக் காசு கேட்பார்கள், ஆகவே மொத்தத்தைக் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானம் காலையில் இறக்கிவிடும். அறை பெரும்பாலும் மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும். அதற்காக ஓர் இரவு கூடுதலாகப் பதிய வேண்டாம். பெட்டியை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு ஊர் சுற்றலாம்.

கசினோ ஹோட்டலிலேயே தங்கினால் உங்கள் நாலு இரவுக் காசு முழுவதும் ஒரே இரவில் போய்விடும். லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. அதே பாதையில் ரோச்சோர், பூகிஸ், ப்ரோமனாட் தாண்டி நாலாவது நிறுத்தம் பேஃப்ரண்ட். அங்கே ஏறி வந்தால் மரீனா பே சாண்ட்ஸ். டாக்சி தேவையே இல்லை. ரயிலுக்கு வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், வெளிநாட்டு வங்கி அட்டைக்குத் தனிக் கட்டணமும் சேரும். ஈசி லிங்க் என்ற பயண அட்டை மூன்று வாங்குங்கள். அட்டையின் விலை 5 டொலர் திரும்பி வராது, மற்றக் காசு பயணத்துக்கு. அந்த நாட்டு மாணவர்களுக்கான சலுகை உங்கள் மகனுக்குக் கிடையாது. 7 வயது தாண்டிய வெளிநாட்டுப் பிள்ளைக்கு முழுக் கட்டணம்தான்.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 டொலர் என்றது தேக்கா போன்ற உணவங்காடிகளை மனதில் வைத்து. தோசை, புரியாணி, மீன் குழம்புச் சோறு எல்லாம் தமிழில் கேட்டு வாங்கலாம். ஹலால் கடைகளும் அங்கேயே. சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய்த் திருப்பி வைக்க வேண்டும், விட்டுவிட்டு எழும்பினால் தண்டம் வரலாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், ஆகவே மூன்று போத்தல் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். உணவகங்களில் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனம். 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 வீதம் வரி. 100 டொலர் என்று நினைத்த சாப்பாட்டுக்கு 119.90 கட்டுவீர்கள்.

இனி கசினோ. சிங்கப்பூரில் இரண்டே இரண்டுதான்: செந்தோசாத் தீவிலும் மரீனா பேயிலும், இரண்டும் 2010இல் திறந்தவை. 21 வயதானவர்கள்தான் உள்ளே போகலாம். வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டினால் நுழைவு இலவசம். அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் 24 மணித்தியாலத்துக்கு 150 டொலர் கட்ட வேண்டும். தன் மக்கள் அடிக்கடி உள்ளே போகக்கூடாது என்று அந்த அரசே போட்ட வேலி அது. உங்கள் கணவருக்கு அந்த வேலி இல்லை. ஆகவே அதை நீங்கள் இருவரும் வீட்டில் வைத்தே போட வேண்டும்.

"வெண்டால் ஹோட்டல் காசு வந்திடும்" என்ற நம்பிக்கையை ஒரு மேசையில் வைத்துப் பார்ப்போம். ரூலட் என்பது எண் போட்ட சக்கரத்தில் பந்தைச் சுழலவிட்டு, அது எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டுகிற ஆட்டம். சக்கரத்தில் ஒரு பூச்சியத்தோடு 37 குழி. ஓர் எண்ணில் வைத்து வென்றால் வைத்த காசோடு மேலும் 35 மடங்கு தருவார்கள். 37 பேர் ஆளுக்கோர் எண்ணில் ஒரு டொலர் வைத்தால் வென்றவர் கைக்கு 36 போகும், ஒரு டொலர் கசினோவுக்கு. அதுதான் 2.7 வீதம். இரட்டைப் பூச்சியச் சக்கரத்தில் 38 குழி, கொடுப்பது அதே 35 மடங்கு. கசினோவின் பங்கு 5.26 வீதமாக, கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. மேசையின் குறைந்த பந்தயம் 25 டொலர் என்று வையுங்கள். மணிக்கு 40 சுற்று வந்தால் 1,000 டொலர் பந்தயம் வைத்திருப்பீர்கள். சராசரி நட்டம் ஒற்றைப் பூச்சியத்தில் 27 டொலர், இரட்டையில் 53.

27 டொலர்தானே என்று தோன்றும். அது பல ஆயிரம் மணித்தியாலங்களின் சராசரி. ஒரு மணித்தியாலத்தில் எண்ணை விட்டு, குழியின் நிறமான சிவப்பிலோ கறுப்பிலோ மட்டும் வைத்து விளையாடினால்கூட 150 டொலர் மேலே போவதும் கீழே போவதும் சாதாரணம். 300 டொலர் போவதும் அதிசயம் இல்லை. உங்கள் ஒரு இலட்சம் என்பது 416 டொலர். அது ஒரே மணித்தியாலத்தில் முழுதாகப் போகலாம், அதில் யாருடைய பிழையும் இருக்காது. மேசைக்கு மேலே திரையில் முந்தைய எண்கள் ஓடும். ஏழு தரம் கறுப்பு வந்தால் அடுத்தது சிவப்புத்தான் என்று கை போகும். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. பக்கரா என்ற சீட்டுக்கட்டு ஆட்டத்தில் வங்கியாளர் பக்கம் 1.06 வீதம், ஆட்டக்காரர் பக்கம் 1.24 வீதம் என்று கசினோவின் பங்கு குறைவு. ஆனால் சமன் வரும் என்று வைத்து, அதற்கு எட்டு மடங்கு தந்தாலும், 14 வீதத்துக்கு மேல் போய்விடும்.

40 டொலரோடு போகிறவருக்கு மேசை பொருந்தாது; திரையில் படங்கள் ஓடுகிற சூதாட்ட இயந்திரத்தில் இருக்கலாம். 1 சதம் என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் ஒரு தட்டலுக்கு உண்மையில் 50 சதமோ 88 சதமோ போகும், ஏனெனில் பல கோடுகளுக்கு ஒன்றாகப் பந்தயம் வைக்கிறது. தட்டுவதற்கு முன் திரையின் கீழே "பெட்" என்று காட்டும் தொகையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 8 தரம் தட்டினால் மணிக்கு 480 தட்டல், 50 சதப்படி 240 டொலர். இயந்திரம் நூற்றுக்கு 8 பிடித்தால் சராசரியாக 19 டொலர் போகும். 40 டொலர் ஒரு மணித்தியாலம் தாங்கவும் கூடும், அதற்கு முன்பே தீரவும் கூடும். அதே இயந்திரத்தில் ஒரு டொலர்ப்படி தட்டினால் வேகமாகக் கரைந்துவிடும். ஆகவே தொகையை ஏற்றும் பொத்தானைத் தொடவேண்டாம். வென்றால் "கேஷ் அவுட்" அழுத்தினால் ஒரு துண்டு வரும், அதைக் காசாக்கும் இயந்திரத்தில் மாற்றி மற்றப் பக்கத்துப் பொக்கெற்றில் வையுங்கள். அந்தத் துண்டை அடுத்த இயந்திரத்தில் போடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. உறுப்பினர் அட்டை, புள்ளி என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். புள்ளி சேர்க்க மேலும் விளையாட வேண்டும். பயண முகவர் "கசினோ வவுச்சர்" தந்தால் காசாக மாறுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் விளையாடித் தீர்க்கிற டோக்கனாகவே இருக்கும்.

சட்டப்படி கசினோவுக்குள்ளே காசு எடுக்கும் இயந்திரம் கிடையாது, வெளியே வர வேண்டும். அது உங்களுக்கு நல்லது. கணவர் கடவுச்சீட்டும் நாலு 10 டொலர்த் தாளும் மட்டும் கொண்டு உள்ளே போகட்டும். வங்கி அட்டைகள் எல்லாம் உங்கள் கைப்பையில். கடனட்டையில் காசு எடுத்தால் கட்டணத்தோடு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உள்ளே மணி பார்க்க மறந்துவிடும். அதனால் நேரத்தை இரண்டு இலவசக் காட்சிகளுக்கு நடுவில் கட்டுங்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) 25 மீற்றர் முதல் 50 மீற்றர் வரை உயரமான செயற்கைப் பெருமரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளி இசைக் காட்சி, கால் மணி நேரம். முதல் காட்சியை மூவரும் புல்லில் இருந்து பாருங்கள். எட்டு மணிக்கு எழும்பி நடைபாலத்தால் மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலுக்குள் வந்தால் கால் மணித்தியாலத்தில் மற்றப் பக்கம். 8.20க்கு அவர் கசினோவுக்குள் போகட்டும், நீங்களும் மகனும் நீர்க்கரையில் இடம் பிடியுங்கள். 9 மணிக்கு அங்கே நீரூற்று லேசர்க் காட்சி. 8.55க்கு அவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், காசு மிச்சமோ இல்லையோ. ரப்பர் செருப்போடு போனால் வாசலில் திருப்பிவிடுவார்கள், சப்பாத்து போடச் சொல்லுங்கள்.

நுழைவுச்சீட்டுக்கு ஒதுக்கிய 150 டொலரைப் பூந்தோட்டத்துக் கண்ணாடிக் கூடங்களுக்கு வையுங்கள். மலையும் அருவியுமாக உள்ளே இருக்கும் மேகக்காட்டை மகன் மறக்கமாட்டான். மரீனா பே சாண்ட்ஸின் 57ஆம் மாடி நீச்சல் தடாகம் அங்கே தங்குவோருக்கு மட்டும்தான், படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். செந்தோசாவுக்குள் நடைபாதையால் நடந்து போனால் நுழைவு இலவசம், உள்ளே பஸ்ஸும் இலவசம். ஆனால் பாசிக்குடாவில் குளித்தவர்களுக்கு அந்தக் கடற்கரை ஒன்றும் பெரிதாக இராது. அரை நாள் போதும். தாவரவியல் பூங்கா, மெர்லயன் சிலை, 1827இல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் வீதி மாரியம்மன் கோவில் ஆகியவற்றுக்குக் காசு இல்லை.

காசு மாற்றுவதில் ஒரு பிழை வழமையாக நடக்கும். ஊரில் சிங்கப்பூர் டொலர் கிடைக்கவில்லை என்று அமெரிக்க டொலர் வாங்கி, அங்கே மறுபடி மாற்றுவது. ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு வீதம் போனால் நாலு வீதம் போய்விடும். வங்கியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அல்லது கொழும்பில் மத்திய வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அட்டை தட்டும்போது ரூபாயிலா டொலரிலா என்று கேட்டால் சிங்கப்பூர் டொலர் என்று சொல்லுங்கள். ரூபாயைத் தெரிந்தால் கடைக்காரன் பக்கத்து மாற்று விலை கூடுதலாக ஏறும். ஹோட்டலில் முற்பிணைக்கு வரவட்டையைக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பக் கணக்கில் வரக் கிழமைக்கணக்காகலாம். காசாகக் கொடுத்துக் காசாக வாங்குங்கள். ஒரே கடையில் 100 டொலருக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெற வழியுண்டு. வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், சாங்கியில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் அதற்கான இயந்திரத்தில் பதிய வேண்டும்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல. பெட்டி கட்டும்போது சூயிங்கம், மின்சிகரெட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது. ஊரில் யாராவது அங்கிருக்கும் உறவினருக்கு வெற்றிலையோடு புகையிலையும் கட்டித் தந்தால் வாங்க வேண்டாம், மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. முறுக்கும் பயற்றம் உருண்டையும் தாராளமாகக் கொண்டு போகலாம்.