பொருத்தனையா, பெர்சனல் லோனா: எதை முதலில் தீர்ப்பது?

கேள்வி: வயது 41. பெரம்பூரில் வாடகை வீடு. தனியார் நிறுவன வேலை, கைக்கு வருவது மாதம் 68,000 ரூபாய். அதில் 6,800 தசமபாகம். பெர்சனல் லோனில் 3 லட்சம் பாக்கி; வட்டி 14 சதவீதம், தவணை 10,250, இன்னும் 36 மாதம் ஓட வேண்டும். வாடகை 15,000 உட்பட வீட்டுச் செலவு 42,000. வங்கியில் 7 சதவீத வட்டிக்கு 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. எங்கள் சபையில் புது ஆலயம் கட்டுகிறார்கள். 3 லட்சம் தருவதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். எஃப்.டி.யை உடைத்துக் கொடுக்கப்போகிறேன் என்றதும் மனைவி பயப்படுகிறார். அவர் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் ஒன்பதாவதும் ஐந்தாவதும் படிக்கிறார்கள். தேவன் பார்த்துக்கொள்வார் என்று காப்பீடும் எடுக்கவில்லை. உலகப் பொருளைவிட விசுவாசம் பெரிது என்றால் கணக்குப் பார்க்காமல் கொடுப்பதுதானே சரி?

பதில்: கொடுங்கள். 3 லட்சத்தையும் கொடுங்கள். தசமபாகத்தையும் குறைக்க வேண்டாம். மாற்ற வேண்டியது வரிசையை மட்டும்தான்.

எஃப்.டி.யில் இருக்கும் 4 லட்சமும் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள். அதில் 3 லட்சம் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்கிறது 2 கொரிந்தியர் 8:12. கடனை வைத்துக்கொண்டு கொடுக்கும்போது உங்களிடம் இல்லாததைத்தான் கொடுக்கிறீர்கள். அதற்கு விலையும் உண்டு: இப்படியே 36 தவணை கட்டினால் வட்டி மட்டும் சுமார் 69,000 ரூபாய். எஃப்.டி. தரும் 7 சதவீதத்திலும் வரி போகும்.

ஆகவே முதல் வேலை, லோனை முழுசாக முடிப்பது. முன்கூட்டி முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 9,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,620, மொத்தம் 10,620. 69,000 வட்டியோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. பாதி மட்டும் அடைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டிக் கட்டுவதற்குச் சில வங்கிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, குறிப்பிட்ட தவணைகள் முடியும்வரை அனுமதிக்காத வங்கிகளும் உண்டு. முடித்த கையோடு நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சிபில் அறிக்கையில் கடன் உயிரோடு தெரியும்.

இப்போது கையில் நிற்பது சுமார் 89,000. எஃப்.டி.யை முதிர்வுக்கு முன் உடைப்பதால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். இதைத் தொடாதீர்கள். தவணையாகப் போய்க்கொண்டிருந்த 10,250-ஐ நான்கு மாதம் இதோடு சேர்த்தால் 1,30,000 ஆகும். அது மூன்று மாத வீட்டுச் செலவு. சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு இது மிகக் குறைந்த அளவு. வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ்தான் என்று சொன்னாலும் அதற்கு மேல் கேட்கும் வீட்டுக்காரர்கள் இங்கே நிறைய. திடீரென்று வீடு மாற வேண்டி வந்தால், கையில் பணம் இல்லாதவர் மறுபடி 14 சதவீதத்துக்குத்தான் போய் நிற்பார்.

ஐந்தாம் மாதத்திலிருந்து மாதம் 10,000 ஆலயக் கட்டடத்துக்கு. 30 மாதத்தில் 3 லட்சம் நிறைவேறிவிடும். மொத்தம் 34 மாதம். உங்கள் லோன் முடிய வேண்டிய காலத்துக்கும் முன்னால். பொருத்தனையைத் தாமதிக்கக் கூடாது என்ற பயம் நியாயமானது. அதனால் முதல் நான்கு மாதமும் மிச்சத்திலிருந்து ஆயிரம் ரூபாயாவது செலுத்தித் தொடங்கிவிடுங்கள். போதகரிடமும் சபைப் பொருளாளரிடமும் இந்தக் கால அட்டவணையை எழுதிக் கொடுங்கள். அஸ்திவாரம், தளம், பூச்சு என்று கட்டடம் கட்டம் கட்டமாகத்தான் எழும்பும். எந்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால் அவர்களுக்கும் உதவி. தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யாமல் சபையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். வரிச் சலுகையை நம்பித் திட்டமிடாதீர்கள்: நன்கொடைக்கான 80ஜி கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதுவும் அந்த அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான். சபைக் காணிக்கைக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது.

காப்பீடு விஷயத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை. எகிப்தில் செழிப்பான ஏழு வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை யோசேப்பு சேர்த்து வைத்தார். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 கடுமையாகவே சொல்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7-ம் அதிகாரத்தில் இயேசு கண்டித்ததையும் வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒன்று ஆனால் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உங்கள் மனைவி யாரிடம் போய் நிற்பார்?

எனவே 60 வயது வரை 1 கோடிக்கு டெர்ம் பாலிசி, அதாவது அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. இப்போது மாதம் மிஞ்சும் எட்டு, ஒன்பதாயிரத்திலேயே பிரீமியம் அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முதலீடும் காப்பீடும் கலந்த பாலிசியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள் பெயரில் எடுங்கள். அப்படி எடுத்தால் கடன்காரர்கள் அந்தத் தொகையில் கைவைக்க முடியாது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடியாது.

உயிலும் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. உயில் இல்லாவிட்டால் 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மனைவிக்கு; மீதி பிள்ளைகளுக்கு. அவர்கள் மைனர் என்றால் அந்தப் பங்கைத் தொட நீதிமன்றம் ஏற வேண்டிவரலாம். வெள்ளைத்தாளில் எழுதி, பயனடையாத இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். சபைக்கும் ஒரு பங்கு எழுதலாம்; நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அப்படி எழுதுவதற்குத் தடைகள் வைத்திருந்த 118-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-ல் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

இந்த வாரமே வங்கியில் லோனை முடிப்பதற்கான தொகை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் குறிப்பிட்ட தேதி தாண்டினால் வட்டி கூடும், ஆகவே எஃப்.டி.யை உடைக்கும் நாளையும் அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள்.